சீகன்பால்க் என்ற குடும்பப் பெயர்: எங்கே பிறந்தது, இன்று யாரிடம் இருக்கிறது?

தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் என்ன பொருள்? அது அங்கே வழக்கமான பெயர்தானா? இன்று அந்தப் பெயரோடு இருப்பவர்கள் அவருடைய வாரிசுகளா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆட்டுத்தோல்’ அல்லது ‘ஆட்டுத்தோல் பை’ என்பது பொருள். தோலோடு தொடர்புள்ள தொழில் செய்த ஒருவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயராகத் தொடங்கியிருக்க வேண்டும். ஜெர்மனியில் இது அபூர்வமான பெயர். இதன் தாய்நிலம் கிழக்கு சாக்சனி, அதாவது டிரெஸ்டன் நகரத்துக்கும் பவுட்சன் நகரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. அந்தப் பெயர் இன்று ஒருவருக்கு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அவர் தரங்கம்பாடி சீகன்பால்கின் வழித்தோன்றல் என்று சொல்ல முடியாது. இனி விவரமாகப் பார்ப்போம்.

ஜெர்மன் உச்சரிப்பில் அது ஏறக்குறைய ‘ட்ஸீகன்பால்க்’. முதல் ஒலியில் டகரமும் ஸகரமும் ஒட்டிப் பிறக்கின்றன. தமிழில் அது சகரமாக இறங்கியது. வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழுக்குப் பழக்கமில்லாததால் கடைசியில் உகரம் சேர்ந்து ‘சீகன்பால்கு’ ஆயிற்று. ‘ட்ஸீக’ என்றால் வெள்ளாடு. நடுவில் வரும் ‘ன்’ இரண்டு சொற்களைக் கோக்கும் சாரியை போன்றது. ‘பால்க்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது எந்தத் தோலையும் குறிக்கும் பொதுச்சொல் அல்ல. வயிற்றைக் கீறாமல், உடலிலிருந்து முழுதாக உருவி எடுத்த தோலுக்கு அந்தப் பெயர். முயல், நரி ஆகியவற்றை அப்படி உரித்தெடுத்த தோலை ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இன்றும் ‘பால்க்’ என்றே சொல்கிறார்கள். அப்படி உருவிய ஆட்டுத்தோலின் கழுத்தையும் கால்களையும் கட்டிவிட்டால் காற்றோ திரவமோ தாங்கும் பை கிடைக்கும். நம் கொல்லன் பட்டறைத் துருத்தி அதுதான். தமிழ் வேதாகமத்தில் புதிய திராட்சரசத்தை வார்க்கக் கூடாது என்று சொல்லப்படும் பழந்துருத்தியும் அதுதான். ஜெர்மனில் கொல்லனின் துருத்திக்கும் தேவாலய ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திக்கும் ‘பிளாஸெபால்க்’ என்று பெயர். ஆகவே ‘ஆட்டுத் துருத்தி’ என்று தமிழாக்கினால் பெயரின் பொருளுக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய பேச்சு ஜெர்மனில் ‘பால்க்’ என்பது அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல்லும்கூட. அதை வைத்துக்கொண்டு ‘ஆட்டுக்குப் பிறந்த பயல்’ என்பது போல விளக்கம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. குடும்பப் பெயர்கள் உருவான நடுக்கால ஜெர்மனில் இந்தச் சொல்லின் முதன்மைப் பொருள் தோலும் தோல் பையும்தான். விலங்கின் பெயர் முன்னால் ஒட்டி வரும்போது தோல் என்றே கொள்வதுதான் இயல்பு. ‘ஹாஸன்பால்க்’ என்று இன்னொரு அபூர்வக் குடும்பப் பெயர் உண்டு. அதற்குப் பொருள் முயல்தோல். பிரேசிலில் இனப் பாகுபாட்டை ஆராய்ந்த சமூகவியலாளர் கார்லோஸ் ஹாஸன்பால்கின் பெயர் அதுவே. இரண்டு பெயர்களும் ஒரே அச்சில் வார்த்தவை.

சரி, ஒருவருக்கு ஏன் ‘ஆட்டுத்தோல்’ என்று பெயர் வந்தது? ஜெர்மன் பேசும் நிலப்பகுதியில் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குடும்பப் பெயர் 12ஆம் நூற்றாண்டில் மேற்கிலும் தெற்கிலும் உள்ள நகரங்களில் தொடங்கியது. கிழக்குப் பகுதிகளுக்கு அது சற்றுப் பிந்தி, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பரவி நிலைத்தது. பெயராய்வாளர்கள் இந்தப் பெயர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்: முன்னோரின் இயற்பெயரிலிருந்து வந்தவை, வந்த ஊரைச் சொல்பவை, குடியிருந்த இடத்தைச் சொல்பவை, தொழிலைச் சொல்பவை, பட்டப்பெயர்கள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு சுவையான கூட்டம் இருக்கிறது. தொழிலின் பெயரை நேராகச் சொல்லாமல், அந்தத் தொழிலில் புழங்கும் கருவியையோ பொருளையோ சொல்லி ஆளைக் குறிப்பது. ஆணி என்று பொருள்படும் ‘நாகெல்’, கொல்லனையோ ஆணி அடிப்பவனையோ குறித்தது. செருப்புத் தைப்பவர் தொடையில் வைத்துக் கட்டும் வாருக்கு ‘க்னீரீம்’ என்று பெயர். அதுவே செருப்புத் தைப்பவரின் குடும்பப் பெயராகவும் ஆனது. சீகன்பால்க் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது என் முடிவு.

அப்படியானால் எந்தத் தொழில்? தோல் பதனிடுபவர், தோல் வாங்கி விற்பவர், தோல் பை தைப்பவர் ஆகியோருக்கே முதல் உரிமை. துருத்தி செய்தவருக்கும் பொருந்தும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. அது என்னைக் கவர்கிறது என்பதற்காக அதை உயர்த்திச் சொல்ல மாட்டேன், ஆனால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. இந்தப் பெயர் வழங்கிய லவுசிட்ஸ் பகுதியில் முழு ஆட்டுத்தோலால் செய்யும் பெரிய துருத்திக்குழல் ஒன்று உண்டு. அங்கே வாழும் ஸ்லாவிய இனத்தவரான சோர்ப் மக்கள் அதைக் ‘கோஸோல்’ என்கிறார்கள். ‘ஆட்டுக்கடா’ என்று பொருள். ஜெர்மனிலும் இவ்வகைக் கருவிக்கு ஆட்டுக்கடா என்று பொருள்படும் ‘போக்’ என்றே பெயர்; 1619இல் இசை அறிஞர் மிகாயெல் பிரேடோரியுஸ் அதை விவரித்திருக்கிறார். ஊர்த் திருமணங்களில் ஆட்டுத்தோல் துருத்தியை அக்குளில் இடுக்கி ஊதியவனை ஊரார் ‘ஆட்டுத்தோல்’ என்று அழைத்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனாலும் எண்ணிக்கையில் தோல் தொழிலாளர்களே அதிகம் என்பதால் அந்த விளக்கத்தையே முன்னால் வைக்கிறேன்.

இந்தப் பெயர் எங்கே பிறந்திருக்க முடியும் என்பதை, பதிவேடு எதையும் புரட்டாமல் பெயரை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். வெள்ளாட்டுக்கு ஜெர்மன் நிலம் முழுவதும் ஒரே சொல் கிடையாது. தெற்கிலும் தென்மேற்கிலும் அதன் பழைய பெயர் ‘கைஸ்’. ‘ட்ஸீக’ நடுப்பகுதியின் சொல், குறிப்பாகக் கிழக்கு நடுப்பகுதியின் சொல். அந்தப் பகுதிக்காரரான மார்ட்டின் லூத்தர் தம் வேதாகம மொழிபெயர்ப்பில் அதைக் கையாண்டதுதான் அது பொதுமொழியின் சொல்லாக ஆனதற்கு ஒரு பெரிய காரணம். குடும்பப் பெயர்கள் உறைந்த காலமோ லூத்தருக்கு முந்தியது. ஆகவே பவேரியாவிலோ ஸ்வாபியாவிலோ ஒரு தோல்காரருக்கு இதே பட்டம் கிடைத்திருந்தால் அது ‘கைஸ்’ என்று தொடங்கியிருக்கும். ‘சீகன்’ என்று தொடங்கும் குடும்பப் பெயர்களின் வரைபடங்களைப் பாருங்கள்: ‘ஆட்டுக்கால்’ என்று பொருள்படும் ‘சீகன்ஃபூஸ்’ துரிங்கியாவின் ஐக்ஸ்ஃபெல்ட் பகுதியில் குவிந்திருக்கிறது. சீகன்பால்க் அதற்கும் கிழக்கே, சாக்சனியில்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தரங்கம்பாடி வரலாற்றைப் படிப்பவர்கள் இதில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். லண்டனில் அரச குடும்பத்தின் ஜெர்மன் ஆலயப் போதகராக இருந்து தரங்கம்பாடி ஊழியத்துக்குப் பல்லாண்டு துணைநின்றவர் ஃப்ரீட்ரிக் மிகாயெல் சீகன்ஹாகன். 1694இல் பொமரேனியாவில் பிறந்தவர். இரண்டு பெயர்களும் ஒரே கடிதக் கட்டுகளில் வருகின்றன. பாதிப் பெயர் ஒன்றுபோலவே இருக்கிறது. உறவு ஏதும் இல்லை. சீகன்ஹாகன் என்பது ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர். சீகன்பால்கோ தொழிலை ஒட்டியது.

இப்போது புல்ஸ்னிட்ஸ். பர்த்தொலொமேயு சீகன்பால்க் 1682 ஜூலை 10இல் பிறந்தது இந்தச் சிற்றூரில். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே சிறிது தொலைவு. ஊரின் பெயரையே தாங்கிய சிறு ஆறு ஒன்று ஓடுகிறது. மைசன் சிற்றரசுக்கும் மேல் லவுசிட்ஸுக்கும் அதுதான் பழைய எல்லை. மேல் லவுசிட்ஸ் நெடுங்காலம் பொஹீமிய முடியின் கீழ் இருந்து, 1635ஆம் ஆண்டு பிராக் உடன்படிக்கையால் சாக்சனியின் கைக்கு வந்தது. குயவர்கள், நாடா நெய்பவர்கள், 1558இல் தனி உரிமை பெற்ற மிளகு கேக் சுடுபவர்கள் என்று கைத்தொழில் மணக்கும் ஊர் அது. சீகன்பால்கின் தந்தை தானிய வியாபாரி. அதாவது 17ஆம் நூற்றாண்டுக்குள் குடும்பம் தோல் தொழிலில் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குடும்பப் பெயர் என்பதன் இயல்பே இதுதான். மில் வைத்திருந்த முன்னோர் எப்போதோ போய்விட்டாலும், மில்காரர் என்று பொருள்படும் ‘ம்யூல்லர்’ என்ற குடும்பப் பெயர் போகாது.

‘லவுசிட்ஸ் என்றால் ஸ்லாவியர் நிலமாயிற்றே, பெயர் சோர்ப் மொழியிலிருந்து வந்திருக்குமோ?’ என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி வந்திருந்தால் வடிவமே வேறு. ஆட்டைக் குறிக்கும் சோர்ப் சொல்லிலிருந்து ‘கோசெல்’ போன்ற பெயர்கள் பிறந்தன. சீகன்பால்கின் இரண்டு பாதியும் அப்பழுக்கற்ற ஜெர்மன். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மேற்கிலிருந்து வந்து அங்கே காடு திருத்திக் குடியேறிய ஜெர்மன் பேசும் விவசாயிகளின், கைவினைஞர்களின் மரபில் வந்த பெயர் அது. பிரபு வம்சமும் இல்லை. பிரபு குடும்பங்களின் பெயருக்கு முன் வரும் ‘ஃபோன்’ என்ற அடைமொழி இதற்கு இல்லை.

எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒரே ஆளின் பெயரை ஒரே குருவானவர் இரண்டு விதமாக எழுதுவார். யாரும் அதைப் பிழையென்று நினைக்கவில்லை. கடைசி எழுத்தை ககரத்தின் எந்த வடிவத்தில் எழுதுவது, நடுவில் நெடிலைக் காட்டும் எழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் எழுதுகிறவர் கையைப் பொறுத்தது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மனி முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு எந்த வடிவம் பதிவானதோ அது அப்படியே உறைந்துவிட்டது. ஆகவே பழைய பதிவேடுகளில் தேடும்போது ஒரு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, இன்று எத்தனை பேர் என்ற கேள்வி. ஜெர்மன் அரசு குடும்பப் பெயர்களின் எண்ணிக்கையைப் பட்டியலிட்டு வெளியிடுவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருப்பது தொலைபேசி இணைப்புகளை. ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கொன்ராட் குன்ட்சே, டாமாரிஸ் ந்யூப்லிங் ஆகியோரின் தலைமையில் 2009 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த ஜெர்மன் குடும்பப் பெயர் நிலப்பட நூல், 2005ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 2.8 கோடி இணைப்புகள். அவற்றில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு பெயர்கள். கைபேசிகள் தரைவழி இணைப்பை விழுங்குவதற்கு முன் எடுத்த கடைசி நல்ல படம் என்று அதைச் சொல்லலாம்.

அன்றைய மக்கள்தொகை 8.2 கோடிக்குச் சற்று மேல். ஆகவே ஒரு இணைப்புக்கு ஏறக்குறைய 2.9 பேர் என்று கணக்கு வைக்கலாம். ம்யூல்லர் என்ற பெயரில் மட்டும் இரண்டரை லட்சம் இணைப்புகள்; அதாவது ஏழு லட்சம் பேருக்கு மேல். அங்கிருந்து இறங்கிக்கொண்டே வந்தால், ஒன்றிரண்டு இணைப்புகளே உள்ள பெயர்கள் மலை மலையாகக் குவிந்திருக்கும். சீகன்பால்க் இரண்டு முனைக்கும் நடுவில், அபூர்வத்தின் பக்கமாக நிற்கிறது. அந்தப் பெயர் உள்ளவர்களை நாடு முழுவதும் சேர்த்து நூற்றுக்கணக்கில் எண்ணலாம், ஆயிரக்கணக்கில் அல்ல. டிரெஸ்டன் பக்கம் ஓர் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் தெரிந்த பெயராக இருக்கலாம். ஹாம்புர்கிலோ கொலோனிலோ சொன்னால் எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்பார்கள்.

இந்த எண்களைக் கையாளும்போது இரண்டு விஷயம் மனத்தில் இருக்க வேண்டும். முதலாவது, கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அங்கே வீட்டுத் தொலைபேசி அரிது. 1989இல் ஆறில் ஒரு வீட்டில்தான் இருந்தது. ஆகவே இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு வந்த முதல் சில ஆண்டுகளின் தொலைபேசிப் பட்டியல்களில் சாக்சனிப் பெயர்கள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சீகன்பால்க் போன்ற பெயர்களுக்கு 2005ஆம் ஆண்டுத் தரவு எவ்வளவோ மேல். இரண்டாவது, பழைய நிலப்படங்களில் ‘காமென்ட்ஸ் மாவட்டம்’ என்று தனியாக இருக்கும். புல்ஸ்னிட்ஸ் அதில் இருந்தது. 2008 ஆகஸ்டில் அந்த மாவட்டத்தை பவுட்சன் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். புதிய நிலப்படத்தில் பவுட்சன் மாவட்டம் திடீரென்று அடர்த்தியாகத் தெரிந்தால், யாரும் இடம்பெயர்ந்ததாக அர்த்தமில்லை.

இடம்பெயர்வு உண்மையில் நடந்தது அதற்கு முன்பு. 1949க்கும் 1961க்கும் நடுவில், பெர்லின் சுவர் எழும்வரை, சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்குக்கு வந்தார்கள். 1990க்குப் பிறகு வேலை தேடி மறுபடியும் ஒரு பெரிய அலை. இன்று தெற்கிலும் மேற்கிலும் பெருநகரங்களில் ஆங்காங்கே தென்படும் சாக்சனிப் பெயர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு அலைகளில் போனவை. அதற்கு முந்திய நிலையைப் பார்க்க வேண்டுமானால் முதல் உலகப் போரின் ஜெர்மன் இழப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் என்று சுமார் 85 லட்சம் பதிவுகள். பிறந்த ஊரோடு இருப்பதால், அவை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கான பெயர் நிலப்படமாகவே பயன்படுகின்றன. ஜெர்மனியின் வம்சாவளி ஆர்வலர் சங்கம் ஒன்றின் தொண்டர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றைத் தட்டச்சு செய்தார்கள். இது எவ்வளவு பெரிய கொடை என்பது தேடிப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வாரிசு விஷயத்துக்கு வருகிறேன். ம்யூல்லர் போன்ற பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது. இரண்டு ம்யூல்லர்களுக்கு உறவு இருக்க வேண்டியதில்லை. அபூர்வமான பெயர், அதுவும் ஒரே பகுதியில் குவிந்திருப்பது, ஓரிரு மூதாதையரிடமிருந்து கிளைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே இன்றைய சீகன்பால்குகள் தங்களுக்குள் தூரத்து உறவாக இருக்கலாம். தரங்கம்பாடி சீகன்பால்குக்கும் பங்காளி முறையாகலாம். ஆனால் அவருடைய நேர் வழித்தோன்றல் என்பது வேறு. அவர் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடி வந்து, 1716இல் ஐரோப்பா போயிருந்தபோது மரியா டொரொதேயா சால்ட்ஸ்மானை மணந்து, 1719 பிப்ரவரி 23இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். அவருடைய மகன் எர்ன்ஸ்ட் கோட்லீப் சீகன்பால்க் டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அதாவது அவருடைய சொந்தக் கிளை புல்ஸ்னிட்ஸை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. இன்று சாக்சனியில் இந்தப் பெயரோடு இருப்பவர்கள் அங்கேயே தங்கிவிட்ட மற்றக் கிளைகளின் மக்கள் என்று கொள்வதே நியாயம். யாராவது ‘நேர் வாரிசு’ என்று சொன்னால், திருச்சபைப் பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாகக் காட்டச் சொல்லுங்கள்.

பொதுவாழ்வில் இன்று தெரிந்த இரண்டு சீகன்பால்குகளைச் சொல்லலாம். ஒருவர் திரைக்கதை எழுத்தாளரும் இயக்குநருமான ஒலிவர் சீகன்பால்க். இன்னொருவர் கார்ல்ஸ்ரூவேயில் கணிதக் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த யோஹென் சீகன்பால்க். தரங்கம்பாடிக்காரரின் மகனும் கணிதப் பேராசிரியர் என்பதால் உறவு தேடத் தோன்றும். அது தற்செயல் ஒற்றுமை என்பதற்கு மேல் எதையும் அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

இப்படி அபூர்வமான பெயர்கள் அழிந்துவிடுமா என்பது கேள்வியில் இல்லை, ஆனாலும் தொட்டுவிடுகிறேன். 1976 வரை மேற்கு ஜெர்மனியில் திருமணமானால் குடும்பத்துக்குக் கணவர் பெயர்தான். பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள கிளையில் பெயர் அங்கேயே முடிந்துவிடும். சிறு எண்ணிக்கையுள்ள பெயர்கள் சில தலைமுறைகளில் தற்செயலாகவே மறைந்துபோகக் கூடும் என்பதை பிரிட்டிஷ் அறிஞர்கள் கால்டனும் வாட்ஸனும் 1874லேயே கணிதமாக எழுதினார்கள். 1976இல் அங்கே மனைவியின் பெயரையும் குடும்பப் பெயராக எடுக்கலாம் என்றானது. 1994 முதல் இருவரும் அவரவர் பெயரை வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் இருவரின் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராக்கிப் பிள்ளைகளுக்கும் தரலாம். அபூர்வப் பெயர்களுக்கு இது நல்ல செய்தி. ம்யூல்லரை மணக்கும் ஒரு சீகன்பால்க் இனித் தன் பெயரை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நீங்கள் மேற்கொண்டு தேடுவதாக இருந்தால், மைன்ஸில் உள்ள அறிவியல் கழகம் நடத்தும் இணையவழிக் குடும்பப் பெயர் அகராதியில் தொடங்குங்கள். அதுவும் அதே 2005ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டது, நிலப்படமும் தரும். அதன் பிறகு புல்ஸ்னிட்ஸின் திருச்சபைப் பதிவேடுகள், லைப்சிகில் உள்ள சாக்சனி அரசு ஆவணக் காப்பகத்தின் வம்சாவளிப் பிரிவு, ஹால்லே நகரில் ஃப்ராங்கே நிறுவனங்களின் காப்பகம். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் இருப்பது கடைசியில் சொன்ன இடத்தில். பதிவேடுகளில் ஒரு சிக்கல் காத்திருக்கும்: தந்தைக்கும் பர்த்தொலொமேயு என்றே பெயர். பழைய புத்தகங்கள் பல சீகன்பால்க் பிறந்த ஆண்டை 1683 என்று எழுதுகின்றன. அதை நம்பி 1683ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், 1682லிருந்தே பாருங்கள்.